அச்சில் ஏறிய என் பொய்

அன்புள்ள ஐயா,

கடையிலிருந்து வந்த சீரகப் பொட்டலத்தைப் பிரித்தேன். சுற்றியிருந்தது உங்கள் மாதப் பத்திரிகையின் பழைய தாள். மேலே பெயர் கிழிந்துபோயிருந்தது. இரண்டாவது வரியிலேயே நீங்கள்தான் என்று தெரிந்துவிட்டது. சீரகத்தை டப்பாவில் கொட்டிவிட்டு, தாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

உங்களை நான் நேரில் கண்டதில்லை. நீங்கள் வேலூரில், நான் ஆம்பூரில், தோல் கிடங்கில் வேலை செய்கிறவரின் பெண்சாதி. பைபிள் அம்மா வீடு வீடாக வந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். நான் விரல் வைத்துத் தனியாகப் படித்து முடித்த முதல் பக்கம் உங்களுடையது. பாவம், பரிசுத்தம் என்று மேலே நின்று பேசமாட்டீர்கள். "இன்று காலை யாரைக் கண்டு வழி மாறிப் போனீர்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். என் வீட்டுச் சங்கதியை இவருக்கு யார் சொன்னது என்று பக்கென்றது.

வழி மாறிப் போனது என் ஓரகத்தியைக் கண்டு. என் பெண் குழந்தை வாந்திபேதியில் போன அன்று, மூன்று வீடு தள்ளி இருந்தவள் எட்டிப் பார்க்கவில்லை. கருநீலச் சேலையில் கிணற்றுக்குப் போய் இரண்டு குடம் எடுத்து வந்தாள். தன் கைக்குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தாளாம். ஒன்பது வருஷம் அவளோடு பேசவில்லை. எங்கள் கோயிலில் அப்பமும் ரசமும் வாங்கும் இராப்போஜனத்துக்கு முந்தின நாள் சபை உபதேசியாரிடம் பெயர் கொடுக்க வேண்டும். மனஸ்தாபம் உள்ளவர்கள் சமாதானமாகாமல் கொடுக்கக் கூடாது. அந்த ஒன்பது வருஷமும் நான் கொடுக்கவில்லை.

இதைக் கோணல் எழுத்தில் உங்களுக்கு எழுதினேன். கார்டு போட்டீர்கள். "அன்புள்ள சகோதரி, அவர்கள் வாசல்வரை போய் வாருங்கள். பேச்சு வராவிட்டால் பரவாயில்லை." நான் போகவில்லை. போனேன் என்று எழுதினேன். கட்டிக்கொண்டு அழுதோம், ஒரே தட்டில் சாப்பிட்டோம் என்றும் எழுதினேன். உங்களிடமிருந்து இன்னொரு கார்டு வேண்டியிருந்தது, ஐயா. என்னை 'அன்புள்ள' என்று அழைத்தவர் வேறு யாரும் இல்லை.

நீங்கள் அதைச் சாட்சி என்று அச்சில் போட்டுவிட்டீர்கள். 'ஆம்பூர் சகோதரி ஒருவர்' என்றுதான் இருந்தது. ஆனால் குழந்தை போனதும் ஓரகத்தியும் அதில் இருந்ததே. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து உபதேசியார் அதை வாசித்தபோது, பாயில் இருந்த பெண்கள் எல்லாரும் எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று மத்தியானம் அவள் என் வாசலில் நின்றாள். கையில் மூடி போட்ட தூக்குச் சட்டி.

"இன்னாக்கா, ஒரே தட்டுல துன்னோம்னு எழுதிக்கீறியாமே. நீ எழுதினது பொய்யாய்டக் கூடாதுன்னு வந்தேன்."

சிரிக்கப் பார்த்தாள், சட்டியை என் பக்கம் நீட்டினாள்.

"அன்னிக்கு வராதவ இன்னிக்கு எதுக்கு வந்தே?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினேன்.

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. அதற்கும் எனக்குக் கோபம்தான். அடுத்த இராப்போஜனத்துக்கு உபதேசியார் கேட்காமலே என் பெயரை எழுதிக்கொண்டார். நானும் போய் முழங்கால் போட்டேன். பக்கத்திலேயே அவளும் முழங்கால் போட்டாள்.

பிறகு உங்கள் கார்டு வந்தது. "உங்கள் சாட்சி என்னையே சுட்டது. பதினாறு வருஷமாகப் பேசாத என் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்துவிட்டார்." பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால் உங்களுக்கும் அண்ணனுக்கும் மறுபடி கெட்டுவிடுமோ என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். உங்கள் முன் சிறுத்துப்போக மனசில்லை, அவ்வளவுதான். அடுத்த மாதப் பத்திரிகை கறுப்புக் கரை போட்டு, நீங்கள் போய்விட்டதைச் சொல்லி வந்தது.

நான் பேரன் பேத்தி எடுத்துவிட்டேன். எதிரே வந்தால் அவள் இன்றைக்கும் "சாப்ட்டியாக்கா" என்கிறாள். தலையை ஆட்டிவிட்டு நடக்கிறேன். கோபம் எந்த வருஷம் போனது என்பது மட்டும் எனக்கு ஞாபகமில்லை. வெட்கம் போகவில்லை. உங்களிடம் இவ்வளவும் சொல்ல முடிந்தது, நீங்கள் இல்லை என்பதால். அவள் இருக்கிறாள், ஐயா.