அத்தை கையில் துப்பாக்கி இல்லாத படம்

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லோரும் சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

நீ எடுத்த படம் நேற்று நம் ஊர்த் தியேட்டருக்கு வந்துவிட்டது. என் அக்காவை, அதான் உன் அத்தையை, கைப்பிடித்து அழைத்துப் போனேன், வழியெல்லாம் எனக்குப் பழைய படத்தின் நினைப்புதான். போர்க்காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவளை, முன்பு வேறு யாரோ எடுத்த படத்தில் எதிரி அதிகாரியைச் சுடுகிறவளாகக் காட்டிவிட, தெருவே துப்பாக்கிக்காரி என்று கூப்பிட ஆரம்பித்தது உனக்குத் தெரியும். அவள் துப்பாக்கியைத் தொட்டதுகூடக் கிடையாது. அவளும் பக்கத்து நாற்காலித் தோழியும் ஊரைப் பிடித்திருந்த எதிரிப் படையின் அழைப்புகளை லைன் கோளாறு என்று இழுத்தடித்தார்கள், காதில் விழுந்ததை நம் ஆட்களுக்குச் சொல்லியனுப்பினார்கள். பிடிபட்டு உயிரை விட்டது தோழி. அந்தப் படத்தில் தோழி மருந்துக்கும் இல்லை. உன் படத்திலும் துப்பாக்கி வேண்டும் என்று அடம்பிடித்த தயாரிப்பாளர் விலகிப் போனபோதும் நீ மசியவில்லையாமே, அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

தோழி திரையில் வந்ததும் அத்தை என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. லைன் கிடைக்கவில்லை ஐயா என்று தோழி பணிவாகப் பொய் சொல்லும் இடத்தில் ஜனங்களோடு சேர்ந்து சிரித்தாள். தோழியைப் பிடித்துக்கொண்டு போகும் இடத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெளியே மருந்துக்கடைக்காரர், ஒரு சண்டைகூட இல்லையே என்று அங்கலாய்த்தார். அத்தை நின்று, "எங்க கையில இருந்தது ஒயருதான் தம்பி. அதை வெச்சுத்தான் சண்டை போட்டோம்" என்றாள். அசடு வழியச் சிரித்தவர், வீட்டுக்காரியை அழைத்துக்கொண்டு மறுபடி வருவதாகச் சொன்னார். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு தோழியின் தம்பி வந்தார், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தன் அக்காவுக்குச் சேர வேண்டிய பேரை அத்தை தட்டிக்கொண்டு போய்விட்டாள் என்ற கோபத்தில் இத்தனை வருஷமாக நம் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். அத்தையின் எதிரே வந்து நின்றவர், "வீட்டுக்கு வாங்கக்கா" என்றார்.

கண்ணு, எனக்குப் பெருமை தாங்கவில்லை. பார்க்கிறவர்களையெல்லாம் நிறுத்தி, என் மகள் எடுத்தது என்று சொல்கிறேன், அம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள். அத்தை இன்றைக்கும் கூட்டிப்போகச் சொல்கிறாள். மறுபடி அதைப் பார்க்கத் தாங்குமா அக்கா என்று கேட்டேன். "அவளைப் பிடிச்சுட்டுப் போறதுக்கு முன்னாடி எழுந்து வந்துடலாம்டா" என்றாள்.

எடுத்ததெல்லாம் கைகூடி நிறைவாக இரு, தாயி. தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே. மறக்காமல் அத்தைக்குப் போன் செய்.

உன்னை நினைத்து நெஞ்சு நிறைந்திருக்கும்,
அப்பா