கோபேயிலிருந்து வந்த இரண்டு பாட்டுகள்

காரைக்கால்
12-1-1955

அன்புள்ள மச்சான் காஜா மைதீனுக்கு, உங்கள் கைருன்னிஸா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம்தான். ஜப்பான் குளிர் உங்கள் நெஞ்சில் ஏறாமல் இருக்க தினமும் துஆ கேட்கிறேன்.

ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். இனிமேல் சர்க்கார் கச்சேரியில் பிரெஞ்சு போய் இங்கிலீஷ் வருமாம். பழைய குமாஸ்தாக்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். தங்கச்சி அமீர் நிஷாவின் நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை நம் வழக்கப்படி நம் வீட்டிலேயே இருக்கிறார். சாயங்காலம் அவர் கடையிலிருந்து வந்து வாசலில் செருப்பை விடும் சத்தம் கேட்டதும் நான் எழுந்து மாடிக்குப் போய்விடுகிறேன். ஏனென்று கேட்காதீர்கள்.

மாடி அறை நமக்கென்று வாப்பா கட்டிக் கொடுத்தது. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் நீங்கள் அதில் இருந்த நாட்களைச் சேர்த்தால் ஒரு வருஷம் தேறாது. எனக்கு அலுத்துவிட்டது மச்சான். ஒன்று நீங்கள் வந்துவிடுங்கள், இல்லை என்னை அங்கே கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நம் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் உம்மா வீட்டை விட்டுப் புருஷனோடு கப்பலேறியதில்லை என்று எனக்கும் தெரியும். உம்மாவிடம் கேட்டே விட்டேன். "போவணும்னா போ புள்ள. நான் என்னா செய்ய, உன் கண்ணைப் பாக்க முடியல" என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

உங்கள்
கைருன்னிஸா

கோபே
20-2-1955

அன்பு மனைவி கைருன்னிஸாவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது. படித்த அன்று முழுக்கத் துணிக் கம்பெனியில் ஒரு வேலையும் ஓடவில்லை. அமீர் நிஷாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் துஆ.

உன்னை இங்கே கூப்பிடுவது நடக்கிற காரியம் இல்லை, கைரு. நீ நினைக்கிற ஜப்பான் இப்போது இல்லை. சண்டையில் ஜெயித்த அமெரிக்காக்காரன் பட்டாளத்தை மட்டுமா கொண்டு வந்தான், பாட்டையும் கொண்டு வந்துவிட்டான். எந்தத் தெருவில் நடந்தாலும் கடைக்குக் கடை அந்தக் கூச்சல். அமெரிக்கப் பாட்டு என்றால் வயிறு நிறைந்தவன் போடும் ஆட்டம். வெட்கம் கிடையாது, துக்கம் கிடையாது. ஜப்பான் பாட்டு அப்படியில்லை. அது அடக்கமான பொம்பளை வாய்க்குள்ளேயே அழுகிற மாதிரி இருக்கும். இந்த ஊர்ப் பழைய பெண்கள் அந்தப் பாட்டு மாதிரிதான். வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள், குரல் உயராது, எத்தனை வருஷமானாலும் காத்திருப்பார்கள். இப்போதுள்ள பெண்கள் கெட்டுப்போய்விட்டார்கள்.

நான் சொன்னால் நம்பமாட்டாய். நம்ம ஊர் மன்சூர் அலி கப்பலில் வருகிறார், அவரிடம் இரண்டு ரிக்கார்டு கொடுத்திருக்கிறேன். புத்தகம் மாதிரி ஓர் அட்டைக்குள் இருக்கும். முதலில் இருப்பது அமெரிக்கப் பாட்டு, கடைசியில் இருப்பது ஜப்பான் பாட்டு. வாப்பா சைகோனிலிருந்து கொண்டு வந்த கிராமபோனில் போட்டுக் கேள். முதலாவதைக் கேட்டால் இந்த ஊருக்கு வரும் ஆசை போய்விடும். இரண்டாவது, துறைமுகத்தில் புருஷனுக்காகக் காத்திருக்கும் பெண்ணைப் பற்றியது. கடையில் நின்று கேட்டபோது உன் முகம்தான் கண்ணில் வந்தது. எனக்கும் இங்கே அலுப்புதான். கொஞ்சம் பொறு.

அன்புடன்
காஜா மைதீன்

காரைக்கால்
18-4-1955

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். மன்சூர் அலி நானா வந்து ரிக்கார்டுகளைக் கொடுத்தார். ஒரு கீறல்கூட இல்லை. அதில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் கோழி கிளறிய மாதிரி எழுத்து. மாப்பிள்ளையாலும் படிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு உம்மா, அமீர் நிஷா, பக்கத்து வீட்டு ஆஸியா பீவி லாத்தா எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். மச்சான், நீங்கள் அந்த அமெரிக்காக்காரர்களை அநியாயமாகத் திட்டிவிட்டீர்கள். அமெரிக்கப் பாட்டைப் போட்டதும் எல்லோரும் கிராமபோன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துவிட்டோம். அந்தப் பெண் என்ன பாடினாள் என்று யாருக்குத் தெரியும், ஆனால் நெஞ்சை அப்படியே பிழிந்துவிட்டாள். ஆஸியா பீவி லாத்தா, "என்னா புள்ள இவ, புருசன மவுத்துக்குக் குடுத்துட்டு பாடுறாளா" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள். உம்மா, வாப்பா போன பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதார்கள். "வெள்ளைக்காரச்சின்னா என்னா, அவளுக்கும் ஒரு மனசு இருக்குல்ல" என்றார்கள்.

அப்புறம் உங்கள் ஜப்பான் பாட்டு. அல்லாவே, அது என்ன துள்ளல்! கொட்டு ஒரு பக்கம், ஊதல் ஒரு பக்கம், நடுவில் ஒருத்தி சிரித்துக்கொண்டே பாடுகிறாள். அமீர் நிஷா எழுந்து இடுப்பை ஒடித்துக் காட்டினாள். உம்மாவே சிரித்துவிட்டார்கள். அடக்கமான பொம்பளை என்று எழுதினீர்களே, உங்கள் காதில் என்ன கோளாறு?

அதனால் எனக்கு ஒரு பயமும் இல்லை. தெருவில் கேட்கும் பாட்டு அந்த அமெரிக்கப் பாட்டு மாதிரி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பெண்கள் அந்த ஜப்பான்காரி மாதிரி சிரித்தால் நானும் அவர்களோடு கொஞ்சம் சிரிக்கிறேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட மாப்பிள்ளை தயாராக இருக்கிறார். எப்போது புறப்படட்டும்?

உங்கள்
கைருன்னிஸா

கோபே
25-5-1955

அன்பு மனைவிக்கு, ஸலாம். உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அடி பைத்தியமே, மாற்றிக் கேட்டிருக்கிறீர்கள்! அழுதது ஜப்பான்காரி. துள்ளியது அமெரிக்காக்காரி. அட்டையை ஓதுகிற அரபுக் கித்தாபு மாதிரி வலது பக்கமிருந்து திறந்திருப்பாய். இது இங்கிலீஷ் புத்தகம் மாதிரி, இடது பக்கமிருந்து திறக்க வேண்டும். வீட்டில் இத்தனை பேர் இருந்து ஒருவருக்குமா இங்கிலீஷ் காதில் விழவில்லை? பிரெஞ்சுக்காரன் ஊரில் பிறந்தால் இதுதான் கதி.

இப்போது புரிகிறதா? நான் எழுதியதுதான் சரி. சிரித்துத் துள்ளுகிறவள் அமெரிக்காக்காரி, அதுதான் அவர்கள் குணம். உம்மாவை அழவைத்தது ஜப்பான் பெண்ணின் பொறுமை. இனிமேலாவது அந்தப் பேச்சை விடு. கம்பெனியில் ஆள் குறைத்திருக்கிறார்கள், இரண்டு பேர் வேலையை நான் பார்க்கிறேன். இரவு திரும்பும்போது காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. இன்னும் ஒரு இரண்டு வருஷம். அதற்குப் பிறகு பார்க்கலாம்.

அன்புடன்
காஜா மைதீன்

காரைக்கால்
30-6-1955

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். ஆமாம், வலது பக்கமிருந்துதான் திறந்தோம். சின்ன வயதிலிருந்து ஓதிய கை வேறெப்படித் திறக்கும்?

உங்கள் கடிதத்தை உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உடனே உம்மா, "நாந்தான் அன்னைக்கே நெனச்சேன், அந்த அழுகையில ஒரு அடக்கம் இருந்துச்சு" என்றார்கள். மறுபடி துள்ளல் பாட்டைப் போட்டதும், "நிறுத்துடி, வெக்கங்கெட்ட பாட்டு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதே ரிக்கார்டு, அதே முள், அதே உம்மா. இரண்டு மாதம் முன்னால் இதற்குத்தான் சிரித்தார்கள். ஜப்பான் என்றால் அடக்கம், அமெரிக்கா என்றால் ஆட்டம் என்று நீங்கள் எழுதியது காதில் விழுந்ததும் பாட்டே மாறிப்போய்விட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ஒன்று கேட்கிறேன். அமெரிக்காவில் புருஷன் கப்பலேறிப் போன பெண் ஒருத்திகூடவா இல்லை? அவள் என்ன பாடுவாள்? ஜப்பானில் வயிறு வலிக்கச் சிரித்த பெண் ஒருத்தியும் கிடையாதா? கடையில் நூறு ரிக்கார்டு இருந்திருக்கும், நீங்கள் நினைத்ததற்குத் தோதாக இரண்டை எடுத்து அனுப்பினீர்கள். என்னையும் அப்படித்தான் நினைத்து வைத்திருக்கிறீர்கள், காத்திருக்கிறவள் என்று. எனக்குக் காத்திருக்கத் தெரியும் என்று யார் சொன்னது? எனக்குச் சண்டை போடத் தெரியும். மீன்காரி காசியம்மாவைக் கேட்டுப் பாருங்கள். சிரிக்கவும் தெரியும். பக்கத்தில் ஆள் இல்லாமல் யாரிடம் சிரிப்பது?

இனிப் பாட்டைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். வருகிறீர்களா, கூப்பிடுகிறீர்களா? எது என்று மட்டும் எழுதுங்கள்.

கைருன்னிஸா

கோபே
14-8-1955

அன்பு கைருவுக்கு, ஸலாம். உடனே பதில் எழுத முடியவில்லை. காய்ச்சலில் படுத்திருந்தேன். பள்ளிவாசலில் பழகிய ஒருவர் கஞ்சி கொண்டு வந்து கொடுத்தார்.

கோபப்படாமல் படி. ஊருக்கு வந்தால் உன் உம்மா வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்வேன்? உன் தங்கச்சி மாப்பிள்ளைக்குக் கடை இருக்கிறது, எனக்கு அங்கே என்ன இருக்கிறது? உன்னை இங்கே கூப்பிடலாம், முடியாது என்று இல்லை. வீடு பார்க்கலாம், கம்பெனியிலும் மறுக்கமாட்டார்கள். ஆனால் என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். பகலெல்லாம் கணக்கும் மூட்டையுமாகக் கழிந்து அறைக்கு வந்தால், ஊரில் ஒருத்தி எனக்காக மாடி ஜன்னலில் நிற்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பில்தான் தூக்கம் வருகிறது. நீ இங்கேயே வந்து, அடுப்புப் புகையில் இருமிக்கொண்டு, குளிரைத் திட்டிக்கொண்டு என் பக்கத்தில் இருந்தால், அப்புறம் எனக்கு நினைத்துக்கொள்ள என்ன இருக்கும்? நீ அங்கே இருப்பதுதான் எனக்குப் பலம். இதைப் புரிந்துகொள்கிற பெண் நீ. இரண்டு வருஷம்தான்.

என்றும் உன்
காஜா மைதீன்

காரைக்கால்
22-9-1955

காஜா மைதீன் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். காய்ச்சல் என்று எழுதியிருந்தீர்கள். இப்போது தேவலையாகி இருக்கும் என்று நம்புகிறேன். மழைக்காலம் தொடங்குமுன் உங்கள் உம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மாமிக்கு முட்டி வலிதான், மற்றபடி சுகம். நான் எடுத்த முடிவை அவர்களிடம் என் வாயாலேயே சொன்னேன். திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். வசதி இல்லை என்று எழுதியிருந்தால் பொறுத்திருப்பேன். வேறொருத்தி இருக்கிறாள் என்று எழுதியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். கூப்பிட முடியும், ஆனால் நீ தூரத்தில் இருப்பதுதான் எனக்கு வேண்டும் என்று எழுதிவிட்டீர்கள். நான் ஜன்னலில் நிற்பதே இல்லை. மாடியில் வெயில் காந்தும், கதவைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொள்வேன். நீங்கள் நினைத்துக்கொண்டு தூங்குகிற அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. அவளுக்காக நான் இங்கே இருந்துகொண்டிருக்க முடியாது.

சாச்சாவை அழைத்துக்கொண்டு ஊர்க் காஜியாரிடம் போனேன். நிக்காஹ்வில் நீங்கள் கொடுத்த மஹரைத் திருப்பித் தந்துவிட்டு உங்களிடமிருந்து விடுதலை கேட்டிருக்கிறேன். அவர் எழுதும் கடிதம் இதன் பின்னாலேயே வரும். மறுக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஜமாஅத்தில் உங்களைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. மாசா மாசம் பணம் அனுப்பினார், மரியாதையாக எழுதினார் என்றுதான் சொன்னேன். "அப்புறம் ஏம்மா?" என்று காஜியார் கேட்டார். "அசதியா இருக்கு அஜரத்து" என்றேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சண்டை போடவாவது இன்னும் இரண்டு வருஷம் காத்திருப்பேன்.

வஸ்ஸலாம்.
கைருன்னிஸா