விளக்கை அணைத்தபோது பெர்டாவைக் கூப்பிட்டேன்

அக்டோபர் 7, ஞாயிறு

ரொட்டி வாங்கப் போய்த் திரும்புவதற்குள் மூன்று பேர் எலும்புத் தேவாலயத்துக்கு வழி கேட்டார்கள். மூன்றாவது ஆளுக்குப் பஸ் நிலையத்தின் வழியைக் காட்டிவிட்டேன். ப்ராகிலிருந்து காலை ரயிலில் வருகிறார்கள். தேவாலயத்தை அலங்கரிக்கும் மனித எலும்பைப் பார்க்கிறார்கள், வெள்ளிச் சுரங்கத்தைப் பார்க்கிறார்கள், சாயங்கால ரயிலில் போய்விடுகிறார்கள். எங்கள் ஊர் குட்னா ஹோரா அவர்களுக்கு ஒரு நாள் வேடிக்கை. எனக்கு எழுபத்தெட்டு வருடம்.

என் நாய் பெர்டா மறுபடியும் பக்கத்து வீட்டு ஹெட்விகாவின் டூலிப் கிழங்குகளைத் தோண்டிப் போட்டுவிட்டது. வேலிக்கு மேலே அவள் தலை எழும்பியது.

“யாரோமிரு, உங்க நாய்க்குக் கால்தான் குட்டை. திமிரு உங்க உயரம் இருக்கு.”

“கிழங்கை ஆழமா நடத் தெரியலன்னா நாயைக் குத்தம் சொல்லாதீங்க” என்றேன். நரி வளைக்குள் புகுந்து விரட்டவே பிறந்த இனம் அது. தோண்டாமல் என்ன செய்யும்?

அக்டோபர் 8, திங்கள்

மழை இல்லை. முழங்கால் வலி. வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 10, புதன்

எழுதித்தான் ஆகவேண்டும்.

காலையில் முற்றத்தில் கரி மூட்டையைத் தூக்கிப் போட்டதுபோல ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் கொட்டகைக்கு முன்னால் மண் உள்வாங்கி ஒரு பள்ளம். பீப்பாய் அகலம். அடி தெரியவில்லை. பெர்டா அதன் விளிம்பில் நின்று மோந்து பார்த்தது. “வா இந்தப் பக்கம்” என்று அதட்டினேன். என்றைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கிறது? வளை என்று நினைத்துவிட்டது போல. வாலை ஆட்டிக்கொண்டே இறங்கியது. பிறகு மண் சரிகிற ஓசை. பிறகு எங்கேயோ ஆழத்திலிருந்து குரைப்பு.

உயிரோடு இருக்கிறது. அது மட்டும் நிச்சயம்.

தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள், முற்றத்தைச் சுற்றி நாடா கட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் பழைய சுரங்கங்களைக் கவனிக்கிற அலுவலகத்திலிருந்து ஹாலா என்கிற இன்ஜினியர். கயிற்றில் கேமராவை இறக்கினார்கள். கொஞ்ச தூரத்தில் துளை வளைந்து, ஆள் தோள் நுழையாத அளவுக்குக் குறுகிவிடுகிறதாம். கயிற்றில் கட்டிய சாசேஜ் துண்டு அப்படியே மேலே வந்தது. நாய் வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

“பழங்காலத்துச் சுரங்கக் கிணறு, ஐயா. வாயில மரத்தைப் போட்டு மேல மண்ணை அள்ளி மூடிட்டுப் போயிருக்காங்க. மரம் இப்ப மக்கிப் போச்சு.”

“தோண்டுங்க.”

“தோண்டினா அந்தம்மா சமையலறை உள்ள சரிஞ்சு விழுந்துடும்.” ஹெட்விகாவின் சுவரைக் காட்டினார். காலையிலிருந்து அதில் விரிசல்.

அக்டோபர் 11, வியாழன்

குரைக்கிறது. கூப்பிட்டால் இரண்டு தரம் குரைக்கிறது. விளிம்பில் படுத்துக் கூப்பிட்டேன். தீயணைப்புக்காரப் பையன் என் காலைப் பிடித்து இழுத்துவிட்டான்.

அக்டோபர் 12, வெள்ளி

ஹாலா மறுபடி வந்தார். அடுத்த வாரம் பெருமழை வரப்போகிறதாம். தண்ணீர் உள்ளே இறங்கினால் ஹெட்விகாவின் வீடு நிற்காது. திங்களன்று கான்கிரீட் கொட்டி மூட வேண்டும் என்றார்.

“என் தெருவுக்கு அடியில ஒரு சுரங்கப்பாதை ஓடுது. சுற்றுலாக்காரங்க போற சுரங்கத்துல போய்ச் சேருது. அந்த வழியா போய் நாயை எடுங்க” என்றேன்.

“எங்க வரைபடத்துல அப்படி எதுவும் இல்லையே, ஐயா.”

“உங்க வரைபடத்துல என் முற்றத்துப் பள்ளமும்தான் இல்ல.”

இதை இன்றைக்கா சொல்கிறேன்? மதுபான ஆலையில் பாய்லருக்குக் கரி அள்ளிய காலத்திலேயே பழைய ஜெர்மன் எழுத்தை நானே கற்றுக்கொண்டு, அந்த எழுத்தில் கிடைத்த சுரங்க ஏடுகளையெல்லாம் படித்து, அந்தப் பாதையைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். ஊரின் வரலாற்றுச் சங்கம் திருப்பி அனுப்பியது. ‘சுவாரசியமான ஊகம்’ என்று ஒரு வரி. பட்டம் வாங்கினவன் எழுதியிருந்தால் ஊகமா? அன்றிலிருந்து அந்தச் சுற்றுலாச் சுரங்கத்தின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. மிதிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நாளை போகிறேன்.

அக்டோபர் 13, சனி

சீட்டு வாங்கினேன். முதியோர் சலுகையாம். வேண்டாம் என்று முழுக் காசு கொடுத்தேன்.

வெள்ளை மேலங்கி, தலைக்கவசம், கையில் ஒரு விளக்கு. சொந்த ஊரில் சுற்றுலாப் பயணி. வழிகாட்டி ராட்கா என்று ஒரு பெண், இருபது வயதிருக்கும். படி இறங்கி, குனிந்து, சில இடங்களில் பக்கவாட்டில் நகர்ந்து போகவேண்டும். என் முழங்கால் பட்ட பாட்டை எழுதப் போவதில்லை. கடைசியில் கொஞ்சம் அகலமான ஓர் இடம் வந்தது. என் கணக்குப்படி அங்கேதான் எங்கள் தெருப் பாதை வந்து சேர வேண்டும்; பெர்டா குரைத்தால் அங்கே கேட்க வேண்டும்.

“இப்ப எல்லாரும் விளக்கை அணைங்க. விளக்கு அணைஞ்சுபோன தொழிலாளி எப்படி உட்கார்ந்திருப்பான்னு பாருங்க” என்றாள் ராட்கா.

அணைத்தார்கள். அப்படி ஓர் இருட்டை நான் பார்த்ததில்லை. கண் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்தது. அங்கே நின்று, பலம் கொண்ட மட்டும், “பெர்டா!” என்று கத்தினேன்.

யாரோ ஒரு பெண் வீறிட்டாள். ஒரு ஜெர்மன்காரன் சிரித்தான். ராட்கா விளக்கைப் போட்டு, “யாரது?” என்றாள்.

“நான்தான். என் நாய் உள்ள இருக்கு. அணைங்க. யாரும் மூச்சு விடாதீங்க.”

அணைத்தாள். தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்.

மேலே வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். காரியாலயத்துக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டு யாருக்காவது போன் செய்வாள் என்று நினைத்தேன். அவள் என் மேலங்கியின் பொத்தானைத் திரும்பப் போட்டுவிட்டாள்.

“அடுத்த குழுவோடயும் வாங்க, தாத்தா. சீட்டு வேணாம்.”

“உன்னைத் திட்டுவாங்களே?”

“சொன்னாத்தானே திட்டுவாங்க.”

அடுத்ததிலும் போனேன். அதற்கடுத்ததிலும். நாள் முழுக்க இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தேன். நடுவில் அவள் தன் ரொட்டியில் பாதியைக் கொடுத்தாள், வாங்கவில்லை. பிறகு வாங்கிக்கொண்டேன். கடைசிக் குழுவில் போலந்துக்காரர்களும் மொராவியாவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியைகளும். ராட்கா அவர்களிடம் முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். விளக்கு அணைந்ததும் நான் வாயைத் திறப்பதற்குள் அத்தனை பேரும் சேர்ந்து, “பெர்டா!” என்று கூப்பிட்டார்கள். அவரவர் வாய்க்கு வந்த உச்சரிப்பில். என் நாயின் பெயரை அத்தனை பேர் ஒன்றாகச் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு நிசப்தம். ஒருவர் இருமினார், மற்றவர்கள் அவரை அடக்கினார்கள். காத்திருந்தோம். காத்திருந்தோம்.

ஒன்றுமில்லை.

செத்துப்போயிற்று என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். வந்தால் நாடாவுக்கு உள்ளே, பள்ளத்தின் ஓரத்தில், முக்காலி போட்டு ஹெட்விகா. மடியில் கம்பளி. பள்ளத்தைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். தீயணைப்புக்காரப் பையன் தலையில் கை வைத்து நின்றான்.

“பாட்டி, இடிஞ்சு விழுந்தா என்ன ஆகும்?”

“விழுந்தா அதுக்குத் துணை ஆச்சு. நீ போடா.”

என்னைப் பார்த்ததும், “எங்கே ஊர் சுத்தப் போனீங்க? மத்தியானம் பூரா குரைச்சுது. கிழங்கைத் தோண்டினதுக்கு இதோட திட்டு முடிஞ்சதுன்னு சொன்னேன், இன்னும் சத்தமா குரைச்சுது” என்றாள்.

மத்தியானம் பூரா. நாங்கள் அங்கே கீழே மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற நேரம் பூரா.

அப்படியானால் பாதை இல்லை. என் தெருவுக்கு அடியில் எதுவும் எங்கேயும் போய்ச் சேரவில்லை. இருபத்திரண்டு வருடமாக நான் சண்டை போட்ட பாதை… இல்லவே இல்லை.

அது எனக்கு இப்போது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. அதுதான் ஆச்சரியம். வழி இல்லையே, வேற வழியே இல்லையே — இனி நான் யார்கிட்ட போய் நிக்கிறது?

அக்டோபர் 14, ஞாயிறு

காலையில் கூப்பிட்டதற்கு ஒரு தரம் குரைத்தது. மத்தியானம் முனகல் மாதிரி. எதிரொலியாகவும் இருக்கலாம்.

சாயங்காலம் ஹெட்விகாவும் நானும் மாறி மாறிக் கூப்பிட்டோம்.

அக்டோபர் 15, திங்கள்

சத்தம் இல்லை.

லாரி வந்துவிட்டது. நான் ஹாலாவைப் பார்த்தபடி கதவில் சாய்ந்து நின்றேன். ஹெட்விகாதான் லாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

“நாளைக்கு வாங்க. இன்னிக்கு ஒரு நாள் அந்த மனுஷன் கேட்டுப் பார்க்கட்டும்.”

“அம்மா, உங்க வீட்டுக்காகத்தான் அவசரப்படுறேன்.”

“என் வீட்டைப் பத்தி எனக்குத் தெரியும்.”

ஹாலா மழைமேகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லாரியைத் திருப்பி அனுப்பினார். நல்ல மனிதர்தான். அதை இங்கே எழுதிவைக்கிறேன், அவரிடம் சொல்ல மாட்டேன்.

பிறகு ஹெட்விகா என்னைக் கூப்பிட்டுச் சமையலறையைக் காட்டினாள். பக்கத்து வீடாக இருந்தும் முதல் தடவையாக உள்ளே போகிறேன். விரிசலில் என் விரல் முழுக்க நுழைந்தது. அடுப்பைச் சுவரிலிருந்து தள்ளி நகர்த்தி வைத்திருக்கிறாள்.

இரவு முழுக்கப் பள்ளத்தின் அருகே இருந்தேன். சத்தம் இல்லை.

அக்டோபர் 16, செவ்வாய்

ஹாலா லாரியோடு வந்தார். வீட்டுக்காரர் சொல்லும்வரை குழாயைத் திறக்கக் கூடாது என்று ஆட்களிடம் சொல்லியிருந்தார்.

“கொட்டுங்க” என்றேன்.

இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

மத்தியானத்துக்குமேல் மழை பிடித்தது.

அக்டோபர் 21, ஞாயிறு

ரொட்டி பாதிதான் தீருகிறது. சிறியதாக வாங்க வேண்டும்.

நவம்பர் 11, ஞாயிறு

புனித மார்ட்டின் நாள். முதல் பனியை அவர்தான் கொண்டுவருவார் என்பார்கள்; பனி விழவில்லை, வெறும் காற்று. எதிர்வீட்டில் பண்டிகைக்கு வாத்து வறுக்கிற வாசனை.

ஹெட்விகாவின் சுவரைப் பூசிவிட்டார்கள். காலையில் வேலிக்கு மேலே அவள் தலை எழும்பியது.

“யாரோமிரு, உங்க வாதுமை மர இலை பூரா என் பக்கம்தான் கிடக்கு. யாரு அள்ளுறது?”

“காத்துகிட்ட போய்க் கேளுங்க. நானா ஊதி விட்டேன்?”

“ஊதினாலும் ஊதுவீங்க.”

“மூச்சு இருந்தா ஊதுவேன்.”

சண்டை இந்த இடத்துக்கு வரும்போதுதான் பெர்டா ஓடிவந்து இருவரையும் பார்த்துக் குரைக்கும். அதோடு சண்டையை விட்டுவிட்டு உள்ளே போய்விடுவோம்.

இன்று அவளும் உள்ளே போகவில்லை. நானும் போகவில்லை. வேலியின் இரண்டு பக்கத்திலும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம்.