பச்சைக் குடம்

புக்கிட் காத்தில், மலாக்கா
15.2.1998

தம்பி காளிதாசுக்கு,

'அன்புள்ள' என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன். இரண்டு முறை போன் போட்டேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, படித்துத்தான் ஆக வேண்டும்.

அப்பாவின் கருமாதிக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் இலையை விட்டு எழுந்து, "இவ விளையாட்டு மண்ணாலதான் அப்பாவுக்கு இந்தக் கதி" என்று சொன்னாய். ஒரு வாய் சாப்பிடாமல் காரை எடுத்துக்கொண்டு ஜோகூருக்குப் போய்விட்டாய். அன்றைக்கு வாயை அடக்கிக்கொண்டேன். இன்றைக்கு முடியாது.

சீனப் பெருநாளும் ஹரி ராயா நோன்புப் பெருநாளும் ஒன்றாக வந்த வாரம். கடையெல்லாம் பூட்டிக் கிடந்தது, கொள்ளிக்குடம் கிடைக்கவில்லை. சரி. நான் அப்பாவின் காலடியில்தானே உட்கார்ந்திருந்தேன்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? பின்வாசல் பலகையில் நியூஸ்பேப்பர் போட்டு மூடியிருந்த குடத்தை நீயாக எடுத்துக்கொண்டு போனாய். இவள் எதற்கு மூடி வைத்திருக்கிறாள் என்று கூடத் தோன்றவில்லையா?

அது காய்ந்துகொண்டிருந்த பச்சை மண். பார்வைக்குத்தான் குடம். மூன்று வாரம் நிழலில் காய வேண்டும், சூளையில் ஒரு முறை சுட வேண்டும், கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு பூச வேண்டும், மறுபடியும் சுட வேண்டும். சனிக்கிழமை தவறாமல் வகுப்புக்குப் போய் நான் கற்றுக்கொண்டது இதைத்தான். சூளை காணாத மண்ணில் தண்ணீரை ஊற்றித் தோளில் வைத்தால் கரையாமல் என்ன செய்யும்?

உன் தப்பை என் தலையில் கட்டாதே.

உன் அக்கா,
பவானேஸ்வரி


ஜோகூர் பாரு
22.2.1998

அக்காவுக்கு,

பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. நீ பார்க்கவில்லை, அதனால் சுலபமாகப் பாடம் எடுக்கிறாய்.

மொட்டைத் தலையோடு குடத்தைத் தோளில் வைத்து அப்பாவை ஒரு சுற்று வந்தேன். குடத்தில் ஓட்டை போட தம்புசாமி மாமா கத்தி முனையால் லேசாகத் தட்டினார். அடிப்பக்கம் மொத்தமாகக் கழன்று விழுந்தது. சாம்பல் நிறச் சேறு என் கழுத்திலும் முதுகிலும் வழிந்தது. மிச்சக் குடம் என் கையில் களி மாதிரி இருந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு இன்னும் இரண்டு சுற்று பாக்கி. வெறும் கையோடு சுற்றினேன்.

மாமா அப்பாவின் பெயரைச் சொல்லி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "கந்தசாமி தன் மவன் கையால தண்ணிய வாங்கிக்கல."

பேக்டரியில் மெஷின் ஓடும்போதும் எனக்கு அதுதான் கேட்கிறது. நீ என்னவென்றால் மூன்று வாரம், இரண்டு சூடு என்று கணக்குச் சொல்கிறாய். அப்பா கட்டிலில் கிடக்கும்போது பின்வாசலில் உட்கார்ந்து மண் பிசைந்தவள்தானே நீ? கிளினிக்கில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கிறவளுக்கு இந்த வயதில் சட்டிபானை விளையாட்டு எதற்கு? தண்ணீர் தாங்காத குடத்தை வீட்டில் வைத்திருந்தது உன் தப்பு.

இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன். திவசத்தை இங்கேயே கொடுத்துக்கொள்கிறேன்.

காளிதாஸ்


புக்கிட் காத்தில்
1.3.1998

தம்பிக்கு,

அப்பா கட்டிலில் கிடந்தார் என்று உனக்கு யார் சொன்னது? பக்கவாதம் வந்த பிறகு மூன்று வருடத்தில் நீ வந்தது மூன்று முறை. மற்ற நாளெல்லாம் அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று உனக்கு என்ன தெரியும்?

நான் மண் பிசையும்போது பின்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், என் பக்கத்தில்தான் இருந்தார். நீ தூக்கிக்கொண்டு போன குடத்தில் சாய்வாகக் கோடு கோடாக இருந்ததே, பார்த்தாயா? அது அப்பா போட்டது. வலது கை விழுந்துவிட்டதால் இடது கையில் தன் பால் வெட்டும் கத்தியைப் பிடித்து, ரப்பர் மரத்துப் பட்டையில் போடுகிற மாதிரியே ஒன்றின் கீழ் ஒன்றாகப் போட்டார். இரண்டு மாலை ஆனது. வாய் குழறிக்கொண்டே சொன்னார்: "பட்டையில ஆழமா போவாதேன்னு முப்பது வருசம் தோட்டத்துல கங்காணி திட்டுனான். மண்ணு திட்டாது."

அதற்குப் பச்சை நிறக் கிளேஸ் பூசுவதாக அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் போய் மறுநாளே நீ அதை எடுத்துக்கொண்டு போனாய். அப்பாவின் கைவேலை என்று என்னிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். அதைச் சேறாக்கிவிட்டு என்னைக் கேட்கிறாயா, எதற்கு விளையாட்டு என்று?

இன்னொன்று. உன் கடிதம் வந்த அன்று, நன்றாகக் காய்ந்து சூளைக்குப் போகக் காத்திருந்த ஒரு கோப்பையை எடுத்துத் தண்ணீர் ஊற்றி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழாவது நிமிடம் அடி விட்டுப்போனது. பத்தாவது நிமிடம் மேசையெல்லாம் சேறு. அந்தக் கோப்பையை எந்த மகனும் சுமக்கவில்லை, எந்த அப்பாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. போய் உன் மாமாவிடம் சொல்.

பவானேஸ்வரி


ஜோகூர் பாரு
15.3.1998

அக்கா,

கோடு கையில் தட்டுப்பட்டது. உன் வேலை என்று நினைத்தேன்.

ஆனால் உன் கடிகாரக் கணக்கு எனக்குப் போதாது. தீபாவளிக்கு வந்தேனே, நான் உள்ளே நுழைந்ததும் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அரை மணி நேரம் நின்றேன், திரும்பவே இல்லை. உனக்கு அது தெரியாது, நீ அடுப்படியில் இருந்தாய். சுடுகாட்டில் மாமா சொன்னதும் அந்த முதுகுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. உன் மேல் பாய்ந்தது அதனால்தான். கோபம் இன்னும் போகவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அன்று கட்டியிருந்த துணியை அங்கேயே எறியச் சொன்னார்கள். தோளில் கிடந்த துண்டை மட்டும் எறிய மனம் வராமல் சுருட்டி காரின் பின்பெட்டியில் ஒளித்து வைத்தேன். போன வாரம் நிர்மலா அதைப் பார்த்துவிட்டாள். சுடுகாட்டுத் துணியை வீட்டுக்குக் கொண்டுவந்த புருஷனை ஊரில் எங்காவது பார்த்ததுண்டா என்று ஒரே சண்டை. மண் அதில் அப்படியே காய்ந்து கிடக்கிறது. பார்சலில் அனுப்புகிறேன். வைத்துக்கொள், இல்லையென்றால் எறிந்துவிடு.

காளி


புக்கிட் காத்தில்
5.4.1998

காளிக்கு,

மடையா. அப்பாவுக்கு வாய் ஒரு பக்கம் கோணி எச்சில் வடிந்துகொண்டே இருந்தது. துடைத்துவிட நான் பக்கத்தில் இல்லை. ஒரே மகன் அதைப் பார்க்கக் கூடாது என்று திரும்பிப் படுத்தார். நீ போன பிறகு, "பய பாத்துட்டானா?" என்று என்னிடம் எத்தனை முறை கேட்டார் தெரியுமா? இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். நீதான் வைத்துவிட்டாயே.

துண்டு வந்து சேர்ந்தது. தீட்டுத் துணி என்று பக்கத்து வீட்டு மீனம்மா முகத்தைச் சுளித்தாள். இரண்டு நாள் வாளியில் ஊறப் போட்டு, வடிகட்டி, துணியில் கட்டித் தொங்கவிட்டேன். அந்தக் குடம் சுட்ட குடமாக இருந்திருந்தால் சில்லுதான் மிஞ்சியிருக்கும். பச்சை மண் என்பதால் மறுபடியும் பிசைய வந்தது. ஒரு கைப்பிடிக்கும் குறைவு. அதில் சின்னதாக ஒரு தேத்தண்ணிக் கோப்பை செய்திருக்கிறேன்.

கோடு போடவில்லை. அப்பாவின் கத்தி இங்கேதான் இருக்கிறது. பிளாஸ்டிக் சுற்றி ஒரு வாரம் ஈரமாக வைத்திருக்க முடியும். அதற்குள் போட்டால்தான் கோடு விழும், அப்புறம் மண் இறுகிவிடும். உனக்காக அது காத்திருக்காது. நானும் காத்திருக்க மாட்டேன்.

வந்தால் பின்வாசல் வழியாக வா. அதே பலகையில்தான் மூடி வைத்திருக்கிறேன். இந்த முறை என்னைக் கேட்காமல் கையை வைக்காதே.

அக்கா