அப்பா கடை வழியாகப் போகாத வழி

தெசலோனிகி,
செவ்வாய்க்கிழமை

என் கண்ணான ஸ்மாரோவுக்கு,

உன் தாய்மாமன் பாந்தெலிஸ் மகாசௌக்கியம். இடது முழங்கால் மட்டும் தனிநாடு கேட்டுப் போராடிக்கொண்டிருக்கிறது. உன் அம்மா நலம், கடல் நலம். டப்ளினில் நீயும் மாப்பிள்ளை கீரனும், உங்களை விட்டுப் பிரியாத அந்த மழையும் சுகம்தானே? நீ வருகிற சேதி கிடைத்ததிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் நடக்கத் தோன்றுகிறது. இந்தக் கடிதமே பாதி ஜன்னலோரத்திலும் பாதி அடுப்படியிலும் நின்றுகொண்டே எழுதுவது, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் போனில் ரகசியம் பேசினால் துறைமுகத்தில் கப்பல்காரன் திரும்பிப் பார்க்கிறான் என்று உன் அம்மா சொல்கிறாள். அவளிடம் நான் மூச்சுவிடவில்லை. ஆனாலும் நேற்று வீட்டுத் திரைச்சீலைகளை எல்லாம் துவைத்துப் போட்டுவிட்டாள், எதற்கு என்று கேட்டால் தூசி என்கிறாள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு போய்விடுகிறோம், தங்குவது ஓட்டலில், கீரனுடைய அம்மாவுக்கும் தங்கைகளுக்கும் ஏதாவது வாங்க வேண்டும், அப்பா கடை இருக்கிற சந்துப் பக்கம் போகாமல் எங்கே வாங்கலாம் மாமா என்று கேட்டிருக்கிறாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய். மகா அலெக்சாந்தர் பாரசீகத்துக்குப் புறப்பட்டபோது வழி சொன்னது நம் முன்னோர்தான், அவர் பாதியில் வேறு யாரிடமோ கேட்டதால்தான் இந்தியா வரை போய்விட்டார். ஞாயிறு கடைகள் கிடையாது, ஆகவே சனிக்கிழமைதான் உனக்கு. சிமிஸ்கி வீதிக்குப் போகலாம், ஆனால் அங்கே தொங்குகிற சட்டை டப்ளினில் உன் வீட்டு முக்கில் தொங்குகிற அதே சட்டை, இங்கே வாங்கி அங்கே கொண்டுபோனால் சட்டையே வெட்கப்படும். அதோனோஸ் சதுக்கத்தில் கூடை வாங்கலாம். கூடையை விமானத்தில் தலையில் கவிழ்த்துக்கொண்டு போக மாப்பிள்ளைக்குச் சம்மதமா என்று கேள். மோதியானோ சந்தையை இப்போது இழைத்துப் பளபளப்பாக்கிவிட்டார்கள், அங்கே மீன்கூட செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறது. பழைய சாமான் சந்தையில் ஒருவன் பைசாந்தியச் சக்கரவர்த்தி உட்கார்ந்த நாற்காலி என்று ஒன்றை விற்கிறான். போன தவக்காலத்தில் அதற்கு ஆணி அடித்தபோது பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். ஊரெல்லாம் மனதுக்குள் சுற்றிவந்து பார்த்துவிட்டேன் குட்டி. ஓர் அயர்லாந்து மாமியார் பிரித்துப் பார்த்து மெய்மறந்துபோகிற சாமான் என்றால் மலைத் தேயிலை, கொத்துக் கொத்தாய் ஒரேகானோ இலை, செம்மிளகாய்த் தூள், கொசானி ஊர்க் குங்குமப்பூ இவைதான். அதற்குக் கபானி சந்தை, அதிலும் ஒரே கடை. அது யார் கடை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கோபப்படாமல் மேலே படி. நீ யாருக்கும் சொல்லாமல் அங்கே பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்ட சேதி வந்த அன்று, "அவ இந்தச் சந்துல கால வச்சா ஷட்டர இழுத்து மூடிருவேன், மச்சான்" என்று உன் அப்பா சொன்னார். சொன்னதை இன்றுவரை வாபஸ் வாங்கவில்லை. ஒலிம்பஸ் மலையை நகர்த்தலாம், உன் அப்பா அனெஸ்திஸை நகர்த்த முடியாது. ஆனால் போன மாதம் கடைக்கு ஓர் ஐரிஷ்காரி வந்தாள். அவளுக்குத் தேயிலையைக் கட்டிக்கொடுத்துவிட்டு, "உங்க ஊர்ல எப்பவும் மழையாமே, பொண்ணுங்க காலுக்கு என்னத்த போட்டுக்குதுங்க?" என்று கேட்டார். நான் மிளகாய் மூட்டைக்குப் பின்னால் இருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது மிளகாயினால்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பாவுக்குப் போணி என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். காலையில் முதலில் வருகிற ஆள் யாராக இருந்தாலும் முகம் கோணக்கூடாது, வெறுங்கையோடு அனுப்பக்கூடாது, கொடுத்த காசைத் தாடியில் தேய்த்துத்தான் பெட்டியில் போட வேண்டும். போன குளிர்காலத்தில் எதிர்க்கடை பாலாடைக்கட்டிக்காரன் த்ராசோஸ், கடை வாசல் பந்தல் துணித் தகராறில் முகத்தில் விழிப்பதில்லை என்று இருந்தவன், இருமல் தாங்காமல் விடிந்ததும் சுக்குக் கேட்டு வந்துவிட்டான். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது, புறாக்கள்கூடப் பறப்பதை நிறுத்தின. உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? "வாங்க த்ராசோஸ், உக்காருங்க, நெஞ்சுக்கு ஆகாது, குளிர்ல சுத்தாதீங்க" என்று சொல்லி, சுக்கை நிறுத்து, மேலே ஒரு கை அள்ளிப் போட்டுக் கொடுத்தார். அதற்குள் அடுத்த ஆள் வந்து தொலைத்தாள், உடனே த்ராசோஸிடம் பழையபடி, "வாங்கியாச்சில்ல, கெளம்பு" என்றார்.

இதைப் பார்த்த நாளிலிருந்தே எனக்கு ஒரு யோசனை. சனிக்கிழமை அவர் ஷட்டரைத் தூக்கும்போது எதிரே நீ நிற்க வேண்டும். உன் அப்பாவாக அவர் உன்னோடு பேசமாட்டார். கடைக்காரராகப் பேசித்தான் ஆக வேண்டும். சட்டென்று முடிகிற சாமானைக் கேட்காதே. குங்குமப்பூ கேள், இழை இழையாக நிறுக்கட்டும். பிறகு ஒவ்வொரு தங்கைக்கும் தனித்தனிப் பொட்டலம் கேள். தினமும் முதலில் வருகிற பொலிக்ஸேனி அம்மாளைச் சந்து முனைக் காப்பிக் கடையில் பிடித்து உட்காரவைத்து, காப்பி வண்டலில் ஜோசியம் பார்க்கப்போகிறேன். வண்டலில் அவளுக்கு இன்னும் மூன்று புருஷன்கள் வர இருக்கிறார்கள், ஒருவன் கப்பல் முதலாளி, சொல்லி முடிக்க நேரமாகும். எல்லாம் சரியாக நடக்கும் என்று சத்தியம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. அவர் ஷட்டரை இழுத்தாலும் இழுக்கலாம். அதனால்தான் இரண்டு நாளாக என் காப்பி பொங்கி அடுப்பை நனைக்கிறது.

கன்னி மாதா உன்னையும் மாப்பிள்ளையையும் காக்கட்டும், விமானம் குலுங்காமல் வரட்டும், உங்கள் வீடு நிறையட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே: அங்கே பழகிய பழக்கத்தில் வங்கி அட்டையை நீட்டிவிடாதே, அதைத் தாடியில் தேய்க்க முடியாது. சில்லறை கொண்டு வா, மேஜையில் வைக்காமல் அவர் கையில் கொடு. இரண்டாவது ஆள் உள்ளே வரும்வரை நீதான் முதல் ஆள். இரண்டாவது ஆள் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன், அதற்காகச் சந்தின் குறுக்கே இந்த முழங்காலோடு படுக்க வேண்டி வந்தாலும் சரி.

உன் மாமன்,
பாந்தெலிஸ்