ஸ்ட்ரிங் என்று சொன்னதற்கு

ஜூலை 3, 2024, புதன்
நான் தக்கலைக்கு வேலைக்குப் போகவில்லை. என் அண்ணன் ஜுனைத் காக்கா கத்தாரிலிருந்து வந்து ஒரு வாரமாகிறது. இன்றுதான் வாய் திறந்தார்.

கட்டட வேலையில் இரும்புக் குழாய்களைக் கட்டிக் கப்பியில் தூக்கும்போது கட்டு விழுந்து, கூட வேலை பார்த்த முட்டத்துக்காரர் ராஜகுமாரின் கால் முறிந்துவிட்டது. கட்டியது காக்கா. எதால் கட்டினாய் என்று ஆபீஸர் இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். கயிறு என்று சொல்ல நினைத்தும், பயத்தில் காக்காவின் வாயில் வந்த ஒரே வார்த்தை ஸ்ட்ரிங். அப்படியே எழுதிக்கொண்டார்கள். மிட்டாய்ப் பொட்டலம் கட்டும் நூலால் இரும்பைக் கட்டியவராம் என் காக்கா! விசாரணை முடியும்வரை ஊருக்குப் போ என்று அனுப்பிவிட்டார்கள்.

ஜூலை 4, வியாழன்
தவறு என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்று கையெழுத்துப் போட்டால் வேலை உண்டாம். வாப்பா, "போட்டுக் குடுல மக்கா, பொழப்பப் பாரு" என்கிறார். போடப்பிடாது என்றேன். செய்யாததுக்கு என்னத்துக்கு மன்னிப்பு?

"ஒனக்கு என்னட்டி தெரியும்?" என்றார் வாப்பா.

தெரியும். போட்டால் அந்தக் கால் முறிந்த பழி ஆயுசுக்கும் காக்கா தலையில்தான்.

ஜூலை 6, சனி
ராஜகுமாரும் ஊருக்கு வந்துவிட்டார். அவர் மனைவி போனில், "எங்க வீட்டுக்காரர நூலு கெட்டிக் கொல்லப் பாத்தவன் வீடா?" என்று கேட்டு வைத்துவிட்டாள். காக்கா சாப்பிடவில்லை.

ஜூலை 8, திங்கள்
வியாழக்கிழமை வீடியோவில் விசாரணை. கையெழுத்துப் போட மாட்டேன் என்று செய்தி அனுப்பியாயிற்று. சொன்னது நான், அனுப்பியது காக்கா.

வீட்டைக் கிளறிக் கட்டிலில் பரப்பினேன். தையல் நூல், திரெட். பொட்டலம் கட்டுவது ஸ்ட்ரிங். சாக்கு தைக்கிற சணல், ட்வைன். ஜன்னல் திரையை இழுக்கிற பின்னல் சரடு, கார்ட். கிணற்றுக் கயிறு, ரோப்.

"எல்லாம் கயிறுதானேட்டி!"

"நமக்கு. அவனுவளுக்கு இல்ல. திரும்பச் சொல்லுங்க காக்கா."

கார்டும் ட்வைனும் மாறிக்கொண்டே இருந்தன. ரோப் மாறவில்லை. அது போதும். வாப்பா எட்டிப் பார்த்து, "கிணத்துக் கயித்தக் கட்டில்ல போட்டா தண்ணி ஆரு கோருவா?" என்றார். காக்கா சிரித்தார். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு.

ஜூலை 11, வியாழன்
கேமராவில் படாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "ஸ்ட்ரிங் என்று நீயேதானே சொன்னாய்?" என்று ஆபீஸர் ஆரம்பித்தார். நான் எழுவதற்குள் காக்கா பேசிவிட்டார்:

"சொன்னது ஸ்ட்ரிங். கட்டினது ரோப்."

தட்டுத்தடுமாறிய இங்கிலீஷ்தான், குரல் தடுமாறவில்லை. நீங்கள் எடுத்த படத்தைப் பாருங்கள் என்றார். குழாய்கள் கட்டோடுதான் கிடக்கின்றன. கயிறு அறுந்திருந்தால் சிதறியிருக்காதா? கப்பி தொங்கிய கொக்கியைப் பாருங்கள்.

ஆபீஸர் படத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு, பார்க்கிறோம், இப்போதைக்குக் கையெழுத்தைப் போட்டுவிடு என்றார்கள்.

"நோ," என்றார் காக்கா. அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை!

ஜூலை 19, வெள்ளி
கொக்கிதான் விரிந்திருக்கிறது. அறிக்கையைத் திருத்திவிட்டார்கள். ராஜகுமாருக்கும் சொல்லிவிட்டார்களாம். வேலைக்கு வரச் சொல்கிறார்கள். எங்களிடம் மன்னிப்பு? ஒரு வார்த்தை இல்லை. அவனுவளுக்கு அந்தச் சொல் வராதோ?

ஜூலை 28, ஞாயிறு
முட்டத்துக்குப் போனோம். காக்கா நடையிலேயே நின்றுவிட்டார். ராஜகுமாரின் மனைவி எங்களைப் பார்த்ததும் உள்ளே போனாள். கட்டிலில் காலை நீட்டியிருந்த ராஜகுமார் கூப்பிட்டார்: "அங்க ஏன் நிக்கீரு? வாரும். இந்தக் காலக் கொஞ்சம் கீழ எறக்கணும், பிடியும்."

காக்கா இரண்டு கையாலும் தாங்கி, மூச்சுக்கூட விடாமல் இறக்கினார். ராஜகுமார் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, தன் பாரத்தையெல்லாம் அந்தக் கைகளில் விட்டிருந்தார்.

உள்ளேயிருந்து சாயா வந்தது. முதல் கிளாசைக் காக்காவிடம் கொடுத்தாள்.