முந்திய நகர்வும் வில்லாளியின் கட்டைவிரலும்

வெண்முகடு நாட்டை ஆளும் அரசி ஆதிரைமாதேவி, கீழ்க்கோட்டைக் காவலரும் எம் யானைப்படைத் தலைவருமான பரிதிவேளுக்கு விடுக்கும் ஓலை. உமது ஏரிகள் நிறைக, மதில்கள் நிலைபெறுக, உமது கோட்டையில் உண்போரும் உறங்குவோரும் அச்சமின்றி வாழ்க.

மேல்கோட்டையும் கீழ்க்கோட்டையும் ஆண்டுதோறும் ஆடும், பலகையில் வரைந்த ஆற்றுத் துறைகளைக் காய்களால் பிடிக்கும் துறைகோள் ஆட்டத்தில், ஒருவர் நகர்த்தும்வரை மற்றவர் காத்திருக்கும் வழக்கம் இல்லை. இருவரும் தத்தம் பலகையில் வேண்டியபோது காய் நகர்த்தி, அதை ஓலை நறுக்கில் எழுதிக் கணவாய் மாடத்துக்குப் புறாவில் அனுப்புவர். மாடத்து நடுவர் சேந்தியம்மை, முதலில் வந்த நறுக்கையே முதல் நகர்வாகக் கொண்டு இரு கோட்டைக்கும் அறிவிப்பார்.

இம்முறை மேல்கோட்டை வில்லாளி நக்கண்ணனும் நீரும் ஒரே துறையைப் பிடித்தீர். உமது நறுக்கு முந்தி வந்ததால் துறை உமக்காயிற்று. பிறர் பிடித்த துறையில் பின்னர் நுழையும் காய் வெட்டுப்படும் என்பது விதியாதலால், அவன் குதிரைக் காய் வெட்டுண்டது. அச்செய்தி எட்டும் முன்னரே அவன் அக்குதிரையை ஆற்றுக்கு அப்பால் நகர்த்தினான். செத்த குதிரையில் சவாரி செய்யும் கள்ளன் என்று நீர் விருந்தில் நகைத்ததையும், விருந்தினனாக வந்தவனைச் சிறையிலிட்டதையும், முழுநிலா நாளில் அவன் வலக் கட்டைவிரலைக் கொய்ய ஆணையிட்டதையும் அறிந்தோம். விரல் போனால் அவன் இனி நாண் இழுக்க மாட்டான்.

சேந்தியம்மை இரு நறுக்குகளையும் மடியில் முடிந்துகொண்டு, மலையிறங்கி எம்மிடம் வந்தார். காவல் மாறும் நாழிகையைக் குறித்துப் பழகிய கையாதலால், நக்கண்ணன் நறுக்கின் ஓரத்தில் ஏழாம் நாழிகை என்று எழுதியிருக்கிறான். நீரோ எட்டாம் நாழிகை மணி ஒலிக்கையில் துறையைப் பிடித்ததாக விருந்தில் பெருமை பேசினீர். உமது புறா மாடத்தை அடைய அரை நாழிகை போதும். அவன் புறாவுக்கு எதிர்காற்றில் மூன்று நாழிகை வேண்டும். முந்தியது உமது புறாவே, நீர் அல்லீர். அவன் ஓட்டியது உயிருள்ள குதிரையே.

இதில் உம் சூது ஏதும் இல்லை, பிழை வழக்கத்தினுடையது. அதனை மாற்றினோம். கதிர் எழுகையில் கணவாயில் எழும் புகை கண்டு இரு கோட்டையும் நாழிகை வட்டிலை நீரில் இடுக. நகர்த்திய நாழிகையை நறுக்கில் எழுதுக. ஒரு நறுக்கு வந்தபின் நடுவர் மூன்று நாழிகை காத்திருந்தே தீர்ப்புரைப்பார்; அதுவரை எந்தக் காயும் வெட்டுண்டதாகாது. ஒரே நாழிகையில் இருவரும் ஒரு துறையைப் பிடிப்பின், இருவர் காயும் பழைய இடத்துக்குத் திரும்பும். ஆட்டம் நீளும் என்று நீர் சலித்துக்கொள்வீர். நீளட்டும்.

நக்கண்ணனை விடுவித்து, அவன் வில்லைக் கையில் கொடுத்து, கணவாய் வரை உடன் சென்று வழியனுப்புக.

இவ்வோலை உம்மை அடைய மூன்று நாள் ஆகும். முழுநிலாவுக்கு நான்கு நாள் உளது. நீர் விரைந்து செயல்படும் இயல்பினர் என்பதால் இதையும் எழுதுகிறோம்: இவ்வாணை உம் கைக்கு வந்த நாழிகை முதல் அன்று, எழுதிய நாழிகை முதலே செல்லும். அதன்பின் அவ்விரலில் கத்தி பட்டிருப்பின், எம் ஆணைக்குப் பின்னரே பட்டதாகக் கொள்வோம்.

வளர்பிறை பதினொன்றாம் நாள், பகல் ஆறாம் நாழிகை. எம் கையால் முகடு முத்திரை இட்டோம்.